பாஸ்வேர்டு சரி, ஓடிபி-யும் சரி... ஆனா உள்ளே வந்தது வேற ஆள்! அட்மின் லாகின் திருட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

காரைக்காலில் ஒரு கல்லூரி, ஒரு கிளினிக், துறைமுகத்தை நம்பி இயங்கும் ஒரு ஷிப்பிங் ஏஜென்சி என எந்த அலுவலகத்தை எடுத்துக்கொண்டாலும் இன்று ஒரு விஷயம் பொதுவாக இருக்கும். மெயில், ஃபைல், வருகைப்பதிவு, கணக்கு வழக்கு என எல்லாமே 'கிளவுட்'டுக்குப் போய்விட்டது. சர்வர் என்று ஒரு பெட்டி ஏசி அறையில் உட்கார்ந்திருந்த காலம் மலையேறிவிட்டது.

அப்போ, அந்த மொத்த அலுவலகத்தின் சாவி எங்கே இருக்கு? ஒரு வெப்சைட்டில். அதற்குப் பெயர் அட்மின் கன்சோல்.

மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல் என்று தனித்து நிற்கும் காரைக்காலில் இருந்து யூனியன் பிரதேசத் தலைநகரான புதுச்சேரிக்குப் போக சுமார் 130 கி.மீ. பயணம் செய்ய வேண்டும். அட்மின் கன்சோலுக்கு இந்த தூரக் கணக்கெல்லாம் கிடையாது. கோட்டுச்சேரியில் இருந்தும் திறக்கலாம், வேறு கண்டத்தில் இருந்தும் திறக்கலாம். திறந்தது நம்ம ஆளா, இல்லையா? இதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பார்ப்போம்.

அட்மின் கன்சோல் என்றால் என்ன?

கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஸோஹோ போன்ற சேவைகளை ஓர் அலுவலகம் வாங்கும்போது, ஊழியர்களுக்கு ஆளுக்கொரு கணக்கு கிடைக்கும். அந்தக் கணக்குகள் எல்லாவற்றையும் நிர்வகிக்க ஒரு பக்கம் இருக்கும். கூகுளில் அது அட்மின் கன்சோல். மைக்ரோசாஃப்டில் 'என்ட்ரா' அட்மின் சென்டர். 'அஷூர் ஏடி' என்ற பெயரில் பலருக்கும் பழக்கமான அதே சேவைதான், 2023-ல் பெயர் மாறியது. 'ஆக்டா' போன்ற நிறுவனங்கள் இந்த அடையாள நிர்வாகத்தை மட்டுமே தனித் தொழிலாகச் செய்கின்றன.

இந்தப் பக்கத்தில் நுழைந்தவர் யாருடைய பாஸ்வேர்டையும் மாற்றலாம். ஒருவரின் ஓடிபி பாதுகாப்பை நீக்கலாம். புதிதாக ஒரு கணக்கு உருவாக்கி, அதற்கே அட்மின் அதிகாரம் கொடுக்கலாம். மேலாளருக்கு வரும் மெயில் எல்லாம் இன்னொரு முகவரிக்கும் போகும்படி சத்தமில்லாமல் செட் செய்யலாம்.

சாதாரண ஊழியரின் லாகின் திருடுபோனால் ஒரு வீட்டுச் சாவி தொலைந்த மாதிரி. அட்மின் லாகின் திருடுபோவது, ஊருக்கே சாவி செய்து கொடுக்கும் பட்டறை திருடன் கையில் சிக்கிய மாதிரி.

2023-ல் ஆக்டாவுக்கு என்ன நடந்தது?

இந்த ஆபத்தைப் புரிந்துகொள்ள 2023-ல் நடந்த ஆக்டா சம்பவம் ஒரு நல்ல பாடம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான நிறுவனங்களுக்கு லாகின் சேவை தரும் அமெரிக்க நிறுவனம் இது.

வாடிக்கையாளர் நிறுவனங்களுக்கு ஏதாவது கோளாறு வந்தால், ஆக்டாவின் சப்போர்ட் குழு 'ஹார்' என்ற வகை ஃபைலை அனுப்பச் சொல்வது வழக்கம். பிரவுசரில் நடந்த அத்தனையையும் பதிவு செய்யும் ஃபைல் அது. கோளாறைக் கண்டுபிடிக்க உதவும். ஆனால், அதற்குள் 'செஷன் குக்கி'யும் இருக்கக்கூடும்.

செஷன் குக்கின்னா என்ன? பொருட்காட்சிக்குப் போனால் வாசலில் டிக்கெட்டைச் சரிபார்த்து கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு உள்ளே எந்த ஸ்டாலுக்குப் போனாலும் டிக்கெட் கேட்க மாட்டார்கள். பட்டையைக் காட்டினால் போதும். செஷன் குக்கியும் அப்படித்தான். நீங்கள் பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் கொடுத்து உள்ளே வந்த பிறகு, 'இவர் சோதனை முடித்து வந்தவர்' என்று பிரவுசருக்குக் கொடுக்கப்படும் அடையாளம். அதைத் திருடியவனிடம் யாரும் பாஸ்வேர்டும் கேட்க மாட்டார்கள், ஓடிபி-யும் கேட்க மாட்டார்கள்.

2023 செப்டம்பர் 28-ல் இருந்து அக்டோபர் 17 வரை ஆக்டாவின் சப்போர்ட் அமைப்புக்குள் ஹேக்கர் இருந்திருக்கிறார். 134 வாடிக்கையாளர் நிறுவனங்களின் ஃபைல்கள் அவர் கைக்குப் போயின. அதில் 5 நிறுவனங்களின் செஷன்களை அவர் பயன்படுத்தினார் என்று ஆக்டாவே பின்னர் அறிவித்தது.

முதலில் கண்டுபிடித்தது யார்?

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. மணி அடித்தது ஆக்டாவில் இல்லை, அதன் வாடிக்கையாளர்களிடம்.

செப்டம்பர் 29 அன்று '1பாஸ்வேர்டு' நிறுவனத்தின் ஐடி ஊழியர் ஒருவருக்கு ஒரு மெயில் வந்தது. அட்மின்கள் யார் யார் என்ற பட்டியலை அவர் கேட்டிருப்பதாகச் சொன்ன தானியங்கி மெயில் அது. அப்படி எதையும் அவர் கேட்கவே இல்லை. உடனே பாதுகாப்புக் குழுவுக்குச் சொன்னார். தோண்டிப் பார்த்தபோது, அவருடைய செஷனைப் பயன்படுத்தி வேறு யாரோ உள்ளே நுழைந்தது தெரிந்தது. வாடிக்கையாளர் தரவு எதுவும் பாதிக்கப்படவில்லை என்று அந்நிறுவனம் தெரிவித்தது.

அக்டோபர் 2-ம் தேதி 'பியாண்ட்டிரஸ்ட்' நிறுவனத்தில் இன்னொரு சம்பவம். அங்கே ஓர் அட்மின் ஹார் ஃபைலை ஆக்டாவுக்கு அனுப்பிய 30 நிமிடத்துக்குள், அதில் இருந்த குக்கியை வைத்து ஹேக்கர் நுழையப் பார்த்தார். நிறுவனத்தின் சொந்த லேப்டாப்பில் இருந்து வந்தால்தான் அட்மின் கன்சோல் திறக்கும் என்று விதி போட்டிருந்ததால் வாசலிலேயே தடுக்கப்பட்டார். அவர் விடவில்லை. கன்சோல் பக்கத்தைத் தொடாமல் ஏபிஐ எனப்படும் மென்பொருள் வழியாகப் போய், ஒரு புதிய கணக்கை உருவாக்கினார். பார்த்தால் வழக்கமான பேக்கப் கணக்கு மாதிரியே அதற்குப் பெயர். பாதுகாப்புக் குழு அதைக் கவனித்து உடனே முடக்கியது.

பியாண்ட்டிரஸ்ட் அன்றே ஆக்டாவிடம் சொல்லிவிட்டது. ஆனால், ஆக்டா பகிரங்கமாக அறிவித்தது அக்டோபர் 20-ல். இடையில் ஏன் இத்தனை நாள்? ஆக்டா தந்த விளக்கம் முக்கியமானது. சப்போர்ட் புகார்களை யார் திறந்தார்கள் என்ற லாக்கைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஹேக்கரோ புகாரைத் திறக்காமல் நேராக ஃபைல் பகுதிக்குப் போயிருந்தார். அது வேறு வகைப் பதிவாக லாக்கில் விழுந்திருந்தது. அக்டோபர் 13 அன்று பியாண்ட்டிரஸ்ட் ஒரு சந்தேக ஐபி முகவரியைக் கொடுத்த பிறகுதான், அதை வைத்துத் தேடி உண்மையைப் பிடித்தார்கள்.

அதாவது, தடயம் முதலில் இருந்தே இருந்தது. பார்த்த இடம்தான் தப்பு.

சந்தேக லாகினுக்கு 5 அடையாளங்கள்

1. இடம்: காலை 10 மணிக்கு காரைக்காலில் லாகின் ஆன அதே கணக்கு, 10.40-க்கு சுமார் 8,000 கி.மீ. தள்ளி பாரிஸில் லாகின் ஆனால்? எந்த விமானமும் அவ்வளவு வேகமாகப் போகாது. இதை 'சாத்தியமில்லாத பயணம்' என்ற பெயரில் பல சேவைகள் தாமாகவே எச்சரிக்கும்.

2. நேரம்: பகலில் மட்டும் வேலை செய்யும் அட்மின், அதிகாலை 2 மணிக்கு உள்ளே வந்தால் கேள்வி எழ வேண்டும்.

3. சாதனம்: எப்போதும் அலுவலக விண்டோஸ் கம்ப்யூட்டரில் வருபவர், திடீரென்று இதுவரை பார்க்காத பிரவுசரில், புதிய கருவியில் வருவது.

4. தோல்விகளின் வடிவம்: ஒரே கணக்கில் நூறு தவறான பாஸ்வேர்டு என்றால் எளிதில் தெரிந்துவிடும். கில்லாடிகள் அப்படிச் செய்வதில்லை. எல்லோரும் வைக்கக்கூடிய ஒரே பாஸ்வேர்டை, நூறு கணக்குகளில் ஒவ்வொரு முறை போட்டுப் பார்ப்பார்கள். எந்தக் கணக்கும் லாக் ஆகாது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள்ளேயே 2023 நவம்பர் இறுதியில் இந்த வழியில்தான் நுழைந்தார்கள். ஓடிபி போன்ற இரண்டாம் பாதுகாப்பு போடாமல் விட்ட ஒரு பழைய சோதனைக் கணக்குதான் ஓட்டை. அது கண்டுபிடிக்கப்பட்டது 2024 ஜனவரி 12-ல்.

இதே வகையில் இன்னொன்று: போனில் 'நீங்களா லாகின் செய்கிறீர்கள்?' என்று விடாமல் கேட்டு நச்சரிப்பது. தொல்லை தாங்காமல் ஒருமுறை 'ஆம்' என்று அழுத்திவிட்டால் கதை முடிந்தது. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தில் ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கணக்கு இப்படித்தான் போனது.

5. உள்ளே வந்த பிறகு நடப்பது: ஐந்திலும் முக்கியம் இதுதான். லாகின் ஆன சில நிமிடத்திலேயே புதிய கணக்கு உருவாகிறதா? ஒருவரின் ஓடிபி நீக்கப்படுகிறதா? யாருக்காவது அட்மின் பதவி கிடைக்கிறதா? மெயில் ஃபார்வர்டிங் போடப்படுகிறதா? முன்பின் தெரியாத ஆப்புக்கு அனுமதி போகிறதா? இடம், நேரம், சாதனம் மூன்றையும் ஹேக்கர் போலியாகக் காட்டிவிடலாம். ஆனால், வந்த வேலையைச் செய்யாமல் போக மாட்டார்.

காரைக்காலுக்கே உரிய குழப்பங்கள்

எச்சரிக்கை வந்த உடனே பதறவும் கூடாது. ஊரைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

முதல் குழப்பம் இடம். தொலைத்தொடர்பு கணக்கில் காரைக்கால், தமிழ்நாடு வட்டத்தில்தான் வருகிறது. ஐபி முகவரியை வைத்து ஊரைக் கணிப்பது துல்லியமான வித்தையும் இல்லை. காரைக்கால் கடற்கரையில் உட்கார்ந்து மொபைல் டேட்டாவில் லாகின் செய்தாலும் லாக்கில் சென்னை என்று காட்டலாம். அலுவலக பிராட்பேண்டில் ஓர் ஊர், போனில் இன்னோர் ஊர் என்று வந்தால், அதுவே போலி எச்சரிக்கையாகிவிடும்.

இரண்டாவது, பிரான்ஸ். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களும், பாரிஸில் சொந்தபந்தம் உள்ள வீடுகளும் இங்கே உண்டு. விடுமுறைக்குப் போன ஊழியர் அங்கிருந்து மெயில் பார்ப்பது திருட்டு ஆகாது. ஆனால், பிரான்ஸ் என்றாலே 'நம்ம ஆளாத்தான் இருக்கும்' என்று பழகிவிட்டால் திருடனுக்கு அதுவே வசதி. வெளிநாடு போகும் அட்மின், தேதியோடு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவதுதான் சரி.

மூன்றாவது, கடிகாரம். பல சேவைகளில் டவுன்லோடு செய்யும் லாக், யுடிசி எனப்படும் உலக நேரத்தில் இருக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். லாக்கில் 03.30 என்று இருந்தால் 'நடுராத்திரியில் யார் வந்தது?' என்று அலற வேண்டாம், இங்கே அது காலை 9 மணி. அதே நேரம், 20.30 என்று சாதாரணமாகத் தெரிவது, இங்கே அடுத்த நாள் அதிகாலை 2 மணி. அதுதான் சந்தேகத்துக்குரியது.

லாக் எத்தனை நாள் இருக்கும்?

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. செர்ட்-இன் எனப்படும் மத்திய அரசின் சைபர் அவசரகால அமைப்பு, 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவுப்படி, நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆனால், மைக்ரோசாஃப்ட் என்ட்ராவின் இலவச வகையில் லாகின் பதிவுகள் 7 நாள்தான் இருக்கும். கட்டண வகையில் 30 நாள். ஆக்டாவில் 90 நாள். கூகுளில் அட்மின், லாகின் பதிவுகள் 6 மாதம் இருக்கும்.

இலவச வகையில் ஓடும் ஓர் அலுவலகத்தில், பத்து நாள் கழித்து சந்தேகம் வந்தால் பார்க்க எதுவுமே மிஞ்சாது. அதனால் லாக்கை அவ்வப்போது வெளியே எடுத்து சேமிப்பது கட்டாயம். யார் எடுப்பது, எந்தக் கிழமை எடுப்பது என்று எழுதி வைக்காவிட்டால் அது நடக்கவே நடக்காது.

6 மணி நேர விதி

அதே உத்தரவில் இன்னொன்றும் உண்டு. அனுமதியின்றி கணினி அமைப்புக்குள் நுழைவது போன்ற சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். பெருநகரத்தில் 24 மணி நேரமும் கண்காணிக்கும் குழு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது பெரிய விஷயம் இல்லை. சின்ன ஊரில் ஐடி வேலையை வெளியூர் வெண்டரிடம் கொடுத்துவிட்ட அலுவலகத்தில், வெள்ளிக்கிழமை இரவு எச்சரிக்கை வந்தால் யார் எடுப்பார்கள்? திங்கட்கிழமை காலைதான் மெயிலே திறக்கப்படும் என்றால், ஹேக்கருக்கு இரண்டு முழு நாள் கிடைத்துவிடும்.

சந்தேகம் வந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

* அந்த அட்மினுக்கு, ஏற்கெனவே தெரிந்த நம்பரில் போன் போட்டு 'இது நீங்களா?' என்று கேளுங்கள். மெயிலில் கேட்க வேண்டாம். மெயிலைப் படித்துக்கொண்டிருப்பது ஹேக்கராகவும் இருக்கலாம்.

* 'நான் இல்லை' என்றால், அந்தக் கணக்கின் எல்லா செஷன்களையும் ரத்து செய்யுங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதாது. கையில் பட்டை இருக்கும்வரை திருடன் உள்ளேயே சுற்றலாம்.

* பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். இரண்டாம் பாதுகாப்பில் தெரியாத போன் நம்பரோ, கருவியோ சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

* கடைசி சில நாட்களில் உருவான கணக்குகள், கொடுக்கப்பட்ட அட்மின் பதவிகள், மெயில் ஃபார்வர்டிங், ஆப் அனுமதிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பேக்கப், பிரிண்டர் என்று அப்பாவிப் பெயரில் இருப்பவற்றையும் விடாதீர்கள்.

* லாக்கை உடனே டவுன்லோடு செய்து வேறு இடத்தில் வையுங்கள். செர்ட்-இன்னுக்குத் தகவல் கொடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

வராமல் தடுக்க...

அட்மின் வேலைக்குத் தனிக் கணக்கு, அன்றாட மெயிலுக்குத் தனிக் கணக்கு என்று பிரித்துவிடுங்கள். அட்மின் கணக்குக்கு எஸ்எம்எஸ் ஓடிபி-யைவிட பாஸ்கீ அல்லது யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி மேல். போலி வெப்சைட்டில் போய் மாட்டிக்கொள்ளும் ஆபத்து அதில் மிகக் குறைவு. மைக்ரோசாஃப்ட், அஷூர் மற்றும் என்ட்ரா அட்மின் பக்கங்களுக்கு இரண்டாம் பாதுகாப்பைக் கட்டாயமாக்கும் வேலையை 2024 அக்டோபரில் இருந்து தொடங்கிவிட்டது.

'நான் அட்மின் பேசுறேன், போன் தொலைஞ்சு போச்சு, ஓடிபி-யை கொஞ்சம் ரீசெட் பண்ணுங்க' என்று போன் வந்தால், அந்த நம்பரை நம்பி செய்யவே கூடாது. இப்படி ஹெல்ப் டெஸ்க் ஊழியர்களை ஏமாற்றி உயர்நிலை அட்மின் கணக்குகளைக் கைப்பற்றுகிறார்கள் என்று 2023 ஆகஸ்ட் இறுதியிலேயே ஆக்டா எச்சரித்திருந்தது. அடுத்த மாதமே அமெரிக்காவின் எம்ஜிஎம் ஓட்டல் நிறுவனம் சைபர் தாக்குதலில் சிக்கியது. ஹெல்ப் டெஸ்க்குக்கு வந்த ஒரு போன் காலில்தான் அதுவும் தொடங்கியதாகச் செய்திகள் வெளியாகின. சுமார் 10 கோடி டாலர் பாதிப்பு என்று அந்நிறுவனம் கணக்குச் சொன்னது.

ஒரு ஐடி, மூணு பேர்... அதுதான் பெரிய ஓட்டை

எல்லாவற்றையும்விட அடிப்படையான ஒன்று இருக்கிறது. சின்ன அலுவலகங்களில் பெரும்பாலும் 'அட்மின்' என்று ஒரே ஓர் ஐடிதான் இருக்கும். அதன் பாஸ்வேர்டு மேலாளருக்கும் தெரியும், ஆபரேட்டருக்கும் தெரியும், வெண்டருக்கும் தெரியும். வேலையை விட்டுப் போனவருக்கும் தெரிந்திருக்கலாம். எச்சரிக்கை மெயில் போவது, யாரும் திறக்காத ஏதோ ஒரு முகவரிக்கு.

அந்த நிலையில் எவ்வளவு விலை உயர்ந்த மென்பொருள் இருந்தும் பயன் இல்லை. ராத்திரி 2 மணிக்கு லாகின் என்று எச்சரிக்கை வந்தால், மேலாளர் 'ஆபரேட்டரா இருக்கும்' என்பார். ஆபரேட்டர் 'வெண்டரா இருக்கும்' என்பார். வெண்டரிடம் யாரும் கேட்கவே மாட்டார்கள். ஆக்டா சம்பவத்தில் அந்த ஊழியருக்கு 'இதை நான் கேட்கலையே' என்று ஒரே நிமிடத்தில் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அது அவர் ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் கணக்கு. ஒரு கணக்கு, ஒரு ஆள். இது இருந்தால்தான் 'நான் இல்லை' என்ற வார்த்தைக்கே அர்த்தம் வரும்.

நமக்கு இதில் என்ன?

'நான் அட்மின் இல்லையே, எனக்கு எதுக்கு இது?' என்று கேட்கலாம். உங்கள் பிள்ளையின் மதிப்பெண், உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு, உங்கள் ஆதார் நகல் எல்லாம் இப்படி யாரோ ஒருவரின் அட்மின் லாகினுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. கல்லூரியிலோ, கிளினிக்கிலோ வேலை செய்பவராக இருந்தால், 'நம்ம அட்மின் எச்சரிக்கை மெயில் யாருக்குப் போகுது?' என்று நாளைக்கே கேளுங்கள்.

உங்கள் சொந்தக் கணக்குக்கும் இதே வைத்தியம்தான். போனில் கூகுள் கணக்கைத் திறந்து, 'பாதுகாப்பு' பகுதியில் 'உங்கள் சாதனங்கள்' என்பதைப் பாருங்கள். தெரியாத கருவி ஏதாவது இருந்தால், அங்கேயே வெளியேற்றிவிட்டு பாஸ்வேர்டை மாற்றுங்கள். இரண்டு நிமிட வேலை. மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.